மந்திரமாவது நீறு: அலகிட்டுப் பார்த்தால் தெரிவதும் காதில் விழுவதும்

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரியில் தமிழ் இரண்டாம் ஆண்டு. ஒரு பாடலை எடுத்து அதன் யாப்பு, தொடை, சொல் திரும்ப வருதல் ஆகிய மூன்றையும் ஆராய்ந்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நம்ம ஊர்ப் பாட்டாக இருக்கட்டும் என்று, சம்பந்தர் ஆலவாயில், அதாவது மதுரையில், பாடிய திருநீற்றுப் பதிகத்தை எடுத்திருக்கிறார். அவர் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "எதுகை: மந்திர, சுந்தர, தந்திர. மோனை இல்லை. நீறு என்ற சொல் பலமுறை வருகிறது. அறுசீர் விருத்தம்." பேராசிரியர் "இது பட்டியல், ஆய்வு இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிறார்.

தம்பி, நிறைய இருக்கிறது. பாட்டை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய நான்கில் ஒன்று தவறு, மற்ற மூன்றும் சரி. ஆனால் சரியானவையும் வாசலிலேயே நின்றுவிட்டன. தவறு எது என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பாட்டை எதிரில் வைத்துக்கொள்வோம். இரண்டாம் திருமுறையில் 66-ஆம் பதிகம், பண் காந்தாரம். முதல் பாடல் இது:

மந்திர மாவது நீறு வானவர் மேலது நீறு
சுந்தர மாவது நீறு துதிக்கப் படுவது நீறு
தந்திர மாவது நீறு சமயத்தி லுள்ளது நீறு
செந்துவர் வாயுமை பங்கன் திருஆலவாயான் திருநீறே

எழுத்தெண்ணத் தொடங்கும் முன் இதை நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னால் இன்னும் நல்லது. பாட்டு தன் நடையைத் தானே காட்டிவிடும். அப்புறம் அலகிடுங்கள், அதாவது சீர்களை அசை அசையாகப் பிரியுங்கள்.

அசை பிரிக்கும் விதி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். தனிக் குறிலோ தனி நெடிலோ, ஒற்று அடுத்து வந்தாலும் வராவிட்டாலும், நேர். இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ சேர்ந்து வந்தால் நிரை. மந்/திர: நேர் நிரை, கூவிளம். மா/வது: கூவிளம். நீ/று: நேர் நேர், தேமா. அடுத்து வா/னவர், மே/லது, நீ/று: மறுபடியும் கூவிளம், கூவிளம், தேமா. ஓரடிக்கு ஆறு சீர். அந்த ஆறும் மூன்று மூன்றாக இரண்டு ஒரே மாதிரி அரையடிகள். இதைத்தான் உங்கள் விரல் மேசையில் கண்டுபிடித்திருக்கும்.

அரையடியில் உண்மையாகவே நின்றுதான் போகிறார்கள் என்பதற்குப் பாட்டுக்குள்ளேயே சான்று இருக்கிறது. இரண்டாம் பாடலில் "ஓதத் தகுவது நீறு உண்மையி லுள்ளது நீறு" என்று வருகிறது. நீறு என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். அடுத்து உயிர் வந்தால் அது ஓடிவிட வேண்டும். 'நீறுண்மையில்' என்று சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை. சேர்ந்தால் சீர் கெடும் என்பது ஒரு பக்கம். நீறு என்று சொன்னதும் நாக்கு அங்கே ஒரு கணம் நிற்கிறது, அதனால் புணர்ச்சிக்கு இடமில்லை என்பது இன்னொரு பக்கம். ஐந்தாம் பாடலில் "ஆசை கெடுப்பது நீறு அந்தம தாவது நீறு" என்பதும் அப்படித்தான். இதை எழுதினாலே உங்கள் கட்டுரையில் ஒரு பத்தி கிடைத்துவிடும்.

இன்னொன்று கவனியுங்கள். எல்லா அரையடியும் கூவிளம், கூவிளம் என்று போவதில்லை. "துதிக்கப் படுவது நீறு" என்பதை அலகிட்டால் துதிக்/கப் புளிமா (நிரை நேர்), படு/வது கருவிளம் (நிரை நிரை). "போதந் தருவது நீறு" தேமா, கருவிளம். "முனிவ ரணிவது நீறு" புளிமா, கருவிளம். "சமயத்தி லுள்ளது நீறு" என்பதில் முதற்சீர் புளிமாங்காய் (நிரை நேர் நேர்), அடுத்தது கூவிளம். ஏதோ கலந்து கட்டியது போலத் தெரியும். ஆனால் ஒழுங்கு உள்ளே இருக்கிறது. முதற்சீர் மாவாக இருந்தால் இரண்டாம் சீர் நிரையில் தொடங்குகிறது. விளமாகவோ காயாகவோ இருந்தால் நேரில் தொடங்குகிறது. வெண்பாவுக்குச் சொல்லும் வெண்டளை விதியேதான் இது! முதற்சீரில் குறைந்த ஓசையை இரண்டாம் சீர் நிரப்பிவிடுகிறது. அதனால் நீறு என்ற சொல் எப்போதும் அதே இடத்தில், அதே நேரத்தில் வந்து விழுகிறது. முன்னால் வரும் சொற்கள் எத்தனை மாறினாலும் நீறு தாளம் தவறுவதே இல்லை.

இப்போது நான்காம் அடி. பெரும்பாலான பதிப்புகளில் "திருஆலவாயான் திருநீறே" என்றோ "திருவால வாயான் திருநீறே" என்றோ இருக்கும். அச்சில் உள்ளபடி பிரித்தால் ஓசை கொஞ்சம் இடறும். திரு/வா/ல, வா/யான், திரு/நீ/றே: காய், மா, காய். மேலே உள்ள அடிகளோடு ஒட்டாது. நான் முதலில் இதைப் பார்த்தபோது கடைசி அடி மட்டும் வேறு நடை என்றே நினைத்திருந்தேன். பல வருடம் கழித்து, ஏழாம் பாடலிலிருந்து பத்தாம் பாடல் வரை பாருங்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார். அங்கே முன்னால் 'திரு' கிடையாது. "ஆலவாயான் திருநீறே" என்று மட்டும்தான் வரும். அதை "ஆலவா யான்திரு நீறே" என்று பிரித்துப் பாருங்கள். ஆ/லவா, யான்/திரு, நீ/றே. கூவிளம், கூவிளம், தேமா. "மந்திர மாவது நீறு" என்பதன் அதே நடை, அசை பிசகாமல்! முதல் ஆறு பாடல்களில் முன்னால் ஒரு 'திரு' கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அச்சில் சொல் பிரித்திருக்கும் இடமும் சீர் பிரியும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாசகருக்குப் பொருள் புரியட்டும் என்று பதிப்பாசிரியர் பிரித்திருப்பார். சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு நாள் போய் இரண்டு மூன்று தேவாரப் பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, அந்த 'திரு' ஏன் முதல் ஆறு பாடலில் இருக்கிறது, பிறகு ஏன் காணாமல் போகிறது? இங்கேதான் "மோனை இல்லை" என்று நீங்கள் எழுதியதற்கு வருகிறேன்.

நீங்கள் ஒரே எழுத்து திரும்ப வருகிறதா என்று கண்ணால் தேடியிருக்கிறீர்கள். மந்திர என்றால் அடுத்து ஒரு 'ம'வைத் தேடுவது இயல்புதான். ஆனால் மோனைக்கு இன எழுத்தும் உண்டு. மவும் வவும் ஓரினம், சவும் தவும் ஓரினம், ஞவும் நவும் ஓரினம். உயிரில் அ ஆ ஐ ஔ ஒரு கூட்டம், இ ஈ எ ஏ ஒரு கூட்டம், உ ஊ ஒ ஓ ஒரு கூட்டம். இப்போது ஒவ்வோர் அடியிலும் முதற்சீரையும் நான்காம் சீரையும், அதாவது இரண்டு அரையடிகளின் தலைகளையும், சேர்த்துப் பாருங்கள். மந்திர, வானவர். சுந்தர, துதிக்க. தந்திர, சமயத்தில். செந்துவர், திருஆலவாய். நான்கு அடியிலும் மோனை இருக்கிறது. நான்கும் இன மோனை. ஓரிடத்தில்கூட அதே எழுத்து வரவில்லை. அதனால்தான் கண் ஏமாந்தது. வாய்விட்டுச் சொன்னால் காது ஏமாறாது. வானவர் என்று சொல்லும்போது மந்திரவில் குவிந்த அதே உதட்டின் பக்கம் மறுபடி போகிறோம். சு என்ற இடத்துக்குப் பக்கத்திலேயே து இருக்கிறது.

இரண்டாம் பாடலில் வேத, வெந்துயர் என்றும், போதம், புன்மை என்றும், ஓத, உண்மை என்றும் மோனை இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. பத்தாம் பாடலின் முதல் அடியும் பதினோராம் பாடலின் கடைசி அடியும் தவிர, பதிகம் முழுவதும் இந்த ஒன்று-நான்கு மோனை வருகிறது. அப்படியென்றால் கடைசி அடியில் ஆலவாய் என்ற ஊர்ப்பெயர் நான்காம் சீரில் வரும்போது அதற்கும் முதற்சீரோடு மோனை வேண்டும். முதல் ஆறு பாடல்களின் கடைசி அடி எப்படித் தொடங்குகிறது? செந்துவர், சீத, சித்தி, சேணம், தேசம், திருத்தகு. எல்லாம் சகரமோ தகரமோ, அதோடு இ ஈ எ ஏ கூட்டம். இவற்றுக்கு மோனையாக நிற்பது 'திரு'. ஏழிலிருந்து பத்துவரை? அயிலை, அராவணங்கும், ஆலமதுண்ட, அண்டத்தவர். எல்லாம் அகரக் கூட்டம். அதற்கு மோனையாவது 'ஆ'. அதனால் திரு நகர்ந்துகொள்கிறது, ஆலவாய் நேராக முன்னுக்கு வருகிறது. ஊர்ப்பெயருக்கு முன்னால் அடைமொழி வேண்டுமா வேண்டாமா என்பதை இங்கே மோனை முடிவு செய்திருக்கிறது. பத்துப் பாடலின் கடைசி அடிகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள், பளிச்சென்று தெரியும். எனக்கு இந்தப் பதிகத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

எதுகையைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. ஆனால் செந்துவரை விட்டுவிட்டீர்கள். மந்திர, சுந்தர, தந்திர, செந்துவர் என்று நாலடிக்கும் எதுகை. முதல் எழுத்துகள் அளவொத்து நிற்க இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும் என்பது விதி. இங்கே 'ந்'தோடு நிற்காமல் அடுத்த தகரமும் சேர்ந்து ஒன்றுகிறது. எதுகையை எல்லாப் பாடலுக்கும் விரித்து எழுத வேண்டியதில்லை. வேத போத ஓத சீத, முத்தி சத்திய பத்தி சித்தி என்று சொல்லிவிட்டுப் போங்கள். எட்டாம் பாடலில் மட்டும் நில்லுங்கள்.

இராவணன் மேலது நீறு எண்ணத் தகுவது நீறு
பராவண மாவது நீறு பாவ மறுப்பது நீறு
தராவண மாவது நீறு தத்துவ மாவது நீறு
அராவணங் குந்திரு மேனி ஆலவாயான் திருநீறே

சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாடலில் இராவணன் வருவது வழக்கம். இராவணன் என்ற பெயரை முதல் அடியின் தலையில் வைத்துவிட்டார். அது போட்ட கட்டுப்பாடு அடுத்த மூன்று அடிகளையும் பிடித்துக்கொள்கிறது. இராவண, பராவண, தராவண, அராவண. இரண்டாம் எழுத்து மட்டும் ஒன்றினால் போதும் என்ற இடத்தில் ராவண என்ற மூன்று எழுத்தும் நாலடியிலும் வருகின்றன. நான்காவதில் சொல் உடைகிறது பாருங்கள்: அரா வணங்கும். பாம்பு வணங்கும் திருமேனி. பெயராக இருந்த ஓசை இரண்டு சொல்லாகப் பிரிந்து வேறு பொருள் தருகிறது. காதுக்கு ஒரே ஒலி, பொருளில் எங்கோ போய்விட்டோம்.

இதே பாடலின் முதல் அரையடியை முதல் பாடலோடு சேர்த்துப் படியுங்கள். அங்கே "வானவர் மேலது நீறு". இங்கே "இராவணன் மேலது நீறு". தேவர்கள் உடம்பில் இருக்கும் அதே நீறு இராவணன் உடம்பிலும் இருக்கிறது. இதை அவர் விளக்கிச் சொல்லவில்லை. 'மேலது நீறு' என்ற இரண்டு சொல்லை ஆறு பாடல் இடைவெளி விட்டுத் திரும்பச் சொன்னார், அவ்வளவுதான். திரும்ப வருவதை ஆராயும்போது ஒரு பாடலுக்குள் மட்டும் தேடினால் இது கிடைக்காது.

இப்போது நீறு என்ற சொல்லுக்கே வருவோம். "பலமுறை வருகிறது" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. எண்ணுங்கள். எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று பாருங்கள்.

அதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் வளர்ந்தது சோழவந்தானில். சின்ன வயதில் காய்ச்சல் வந்து படுத்தால் பாட்டி மாடத்திலிருந்து திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் இந்தப் பதிகத்தில் மூன்று பாடல் மனப்பாடம். மந்திர மாவது என்று சொல்லும்போது விரல் கிண்ணத்தில் இருக்கும். நீறு என்னும்போது என் நெற்றியில் இருக்கும். வானவர் மேலது, விரல் கிண்ணத்துக்குப் போகும். நீறு, மார்பில். அப்புறம் தோள், கை, வயிறு. நான் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த நீறு எப்போது வரும் என்று காத்திருப்பேன். காய்ச்சலில் கொதிக்கும் உடம்புக்குச் சாம்பல் சில்லென்று இருக்கும். சீர், தளை என்பதெல்லாம் தெரியாத வயதில் இந்தப் பாட்டின் யாப்பை நான் தோலில் கற்றுக்கொண்டேன் என்றே சொல்வேன்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், இந்தப் பாட்டு பிறந்ததாகச் சொல்லப்படும் சூழலும் அதுதான். பாண்டியனுக்கு வெப்பு நோய் வந்தது, சம்பந்தர் திருநீறு தடவி இந்தப் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது பெரியபுராணம் சொல்வது. பெரியபுராணம் பின்னால் வந்த நூல், அதை எப்படிச் சான்றாக வைப்பது என்று யாராவது கேட்டால் பதிகத்தின் கடைசிப் பாடலையே காட்டுங்கள். "தென்னன் உடலுற்ற தீப்பிணி யாயின தீர" என்று அதிலேயே இருக்கிறது. தென்னன் என்றால் பாண்டியன். ஆகவே ஒரு நோயாளியின் உடம்பின் மேல் கை திரும்பத் திரும்பப் போய் வருவதுபோல ஒரு சொல் அளவான இடைவெளியில் வந்து வந்து படுகிறது என்று நீங்கள் எழுதலாம். அது உங்கள் வாசிப்பு. அதைத் தாங்குவதற்கு அரையடி நிறுத்தமும், தவறாத தளையும், கடைசிப் பாடலின் இந்த வரியும் கையில் இருக்கின்றன.

இலக்கணப் பெயரும் வேண்டும் என்பார்கள். அடியின் கடைசியில் ஒரே சொல் வருவதால் தொடையில் இது இயைபு. ஒரே சொல் அதே பொருளில் திரும்ப வருவதால் அணியில் சொற்பொருள் பின்வருநிலை. அதே பொருளில் என்பது முக்கியம். பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிக் குறள்களைப் பளிங்கில் பொறித்து வைத்திருக்கிறார்கள் அல்லவா, அடுத்த முறை போகும்போது "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்ற குறள் முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். அங்கேயும் ஒரே ஒலிதான் திரும்புகிறது. ஆனால் ஒவ்வொரு துப்பும் ஒரே பொருளில் இல்லை. உண்பவர் என்று ஒருமுறை, உணவு என்று ஒருமுறை. அங்கே மனம் ஒவ்வொரு தடவையும் நின்று யோசிக்கிறது. இங்கே யோசிக்க ஒன்றுமில்லை. சொல் தெரிந்த சொல், பொருள் தெரிந்த பொருள். அதனால் மனம் முன்னால் வருவதன் மேல் போகிறது: மந்திரம், அழகு, வேதம், முத்தி, பத்தி.

மூன்றாவது வகையும் நம்ம மதுரைக்கு உரியதுதான். பெரியாழ்வார் கூடலில் பாடியதாக மரபு சொல்லும் திருப்பல்லாண்டின் தொடக்கம்: "பல்லாண்டு பல்லாண்டு பல்லாயிரத் தாண்டு பலகோடி நூறா யிரம்". இங்கே திரும்ப வரும் சொல்லே வளர்கிறது. பல ஆண்டு, பல ஆயிரம் ஆண்டு, பல கோடி நூறாயிரம். வாழ்த்து போதவில்லை என்று மேலே மேலே ஏறுகிறது. சம்பந்தரின் நீறு ஏறுவதில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது, சுற்றியுள்ளவை மாறுகின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் "சொல் திரும்ப வருகிறது" என்ற ஒரே தொடர் எத்தனை வேறுபட்ட வேலைகளை மறைத்துவிடுகிறது என்பது தெரியும்.

இனி எண்ணிக்கை. முதல் பாடலில் நீறு ஏழு தடவை. மூன்று அடியிலும் இரண்டிரண்டு, கடைசி அடியில் ஒன்று. கடைசி அடியின் முதல் பாதியில் காது நீறுவை எதிர்பார்க்கிறது. பங்கன் என்று வருகிறது. உமையை ஒரு பாகத்தில் வைத்தவன் பெயர் அங்கே நுழைகிறது. அடி முடியும்போதுதான் நீறு கிடைக்கிறது, அதுவும் 'நீறே' என்று. ஆறு தடவை நீறு என்று குற்றியலுகரத்தில், அரை மாத்திரையில் வாய் குவிந்து அடங்கியது. ஏழாவது தடவை ஏகாரத்தில் இரண்டு மாத்திரைக்கு வாய் திறக்கிறது. பாடுபவர் அங்கேதான் இழுத்து நிற்க முடியும். அந்த ஏ இல்லாமல் 'திருநீறு' என்று முடித்துச் சொல்லிப் பாருங்கள், பாட்டு பாதியில் நின்றதுபோல இருக்கும்.

இரண்டாம் பாடலிலும் ஏழு. மூன்றாம் பாடலில் எட்டு. "சித்தி தருவது நீறு திருஆலவாயான் திருநீறே" என்று கடைசி அடியின் முதல் பாதியிலும் வந்துவிடுகிறது. எல்லா அரையடியும் நீறுவில் முடியும் பாடல் பதிகத்திலேயே இது ஒன்றுதான். நான்கிலிருந்து எட்டுவரை மறுபடியும் ஏழு ஏழுதான், ஆனால் இடம் மாறுகிறது. நான்காம் பாடலில் "பேணி அணிபவர்க் கெல்லாம்" என்ற அரையடியிலும், ஐந்தாம் பாடலில் "பெருந்தவத் தோர்களுக் கெல்லாம்" என்ற அரையடியிலும் நீறு இல்லை. இரண்டிலும் எல்லாம் என்று முடிகிறது என்பதையும் பாருங்கள். நீறு வரும் இடத்தில் ஆட்கள் வருகிறார்கள்.

ஒன்பதாம் பாடலில் திடீரென்று நான்காகக் குறைகிறது. அடிக்கு ஒன்றுதான். "மாலொ டயனறி யாத வண்ணமு முள்ளது நீறு": திருமாலும் பிரமனும் அறியாத வண்ணம் என்று சொல்லி முடிக்கவே ஓரடி தேவைப்படுகிறது. பத்தாம் பாடலிலும் நான்குதான். ஆனால் அது விழும் விதம் வேறு.

குண்டிகைக் கையர்க ளோடு சாக்கியர் கூட்டமுங் கூட
கண்திகைப் பிப்பது நீறு கருத இனியது நீறு

முதல் அடி முழுவதும் நீறு இல்லை. சமணரையும் சாக்கியரையும், அதாவது பௌத்தரையும், சொல்லும் அடி அது. நீறு அணியாதவர்களைச் சொல்லும் அடியில் நீறு என்ற சொல்லே இல்லை. அவர்கள் கண் திகைக்கும்போது திரும்பி வருகிறது. ஒன்பது பாடல் கேட்டுப் பழகிய காது அந்த ஓரடி வெறுமையைக் கட்டாயம் உணரும். குண்டிகைக்கும் கண்திகைப்பிப்பதற்கும் இடையே எதுகை எவ்வளவு நெருக்கம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இது அந்தக் காலத்துச் சமயப் போட்டியின் குரல். அதை அப்படியே சொல்லுங்கள், மறைக்கவும் வேண்டாம், அதில் நாமும் சேர்ந்துகொள்ளவும் வேண்டாம். நம் ஊரைச் சுற்றிக் கீழக்குயில்குடியிலும் யானைமலையிலும் அந்தச் சமணர் விட்டுப்போனவை இன்னும் இருக்கின்றன. அவர்களும் தமிழுக்கு நிறையத் தந்தவர்கள்தான்.

நீறுக்கு முன்னால் வரும் சொற்களிலும் ஒரு திரும்பல் இருக்கிறது, அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆவது, உள்ளது, தருவது, இனியது என்று பெரும்பாலும் 'து'வில் முடியும். அதில் 'இனியது' மட்டும் தனியாகப் பொறுக்கி எடுங்கள். பரவ இனியது, காண இனியது, பூச இனியது, பேச இனியது, கருத இனியது. துதிக்க, பார்க்க, பூச, பேச, நினைக்க. ஐந்தும் நான்கு பாடல்களில் சிதறிக் கிடக்கின்றன. சேர்த்துப் பார்த்தால் வாய், கண், தோல், மனம் எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. 'தருவது' எங்கெங்கே வருகிறது என்று நீங்களே தேடுங்கள்.

விருத்தம் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அறுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம் என்று எழுதினால் மதிப்பெண் குறையாது. ஆனால் சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. நாம் இன்று அலகிடுவதற்குப் பிடித்துக்கொண்டிருக்கும் யாப்பருங்கலக்காரிகை என்ற யாப்பிலக்கண நூல் அதற்கு நூற்றாண்டுகள் பின்னால் வந்தது. இவர் பண்ணுக்குப் பாடினார். நூலைப் பார்த்துச் சீர் அடுக்கவில்லை. "எண்டிசைப் பட்ட பொருளார்" என்பது போல வாய்பாடு மாறி வரும் இடங்களைத் தவறு என்று எழுதிவிடாதீர்கள்.

கடைசியாகப் பதினோராம் பாடல். ஆய்வு எழுதுபவர்கள் இதைப் பலன் சொல்லும் பாட்டு என்று ஒதுக்கிவிடுவார்கள். நீங்கள் ஒதுக்க வேண்டாம்.

ஆற்றல் அடல்விடை யேறும் ஆலவாயான் திருநீற்றைப்
போற்றிப் புகலி நிலாவும் பூசுரன் ஞானசம் பந்தன்
தேற்றித் தென்னன் உடலுற்ற தீப்பிணி யாயின தீரச்
சாற்றிய பாடல்கள் பத்தும் வல்லவர் நல்லவர் தாமே

பத்துப் பாடலிலும் கடைசி அடியின் கடைசியில் இருந்த "ஆலவாயான் திருநீறே" இங்கே முதல் அடியின் கடைசிக்கு வந்துவிட்டது. அதுவும் நீறாக இல்லை, நீற்றை என்று இரண்டாம் வேற்றுமை ஏற்று வருகிறது. இதுவரை நீறு எழுவாய். ஆவதும் தருவதும் தீர்ப்பதும் அதுவே. இங்கே அது செயப்படுபொருள். போற்றுகிறவர் முன்னால் வருகிறார், தன் பெயரைச் சொல்கிறார், யாருக்காகப் பாடினார் என்றும் சொல்கிறார். எண்ணிக்கையும் ஒன்றே ஒன்றுதான். ஏழு, எட்டு என்று அடித்துக்கொண்டிருந்த சொல் நான்காகி, ஒன்றாகி அடங்குகிறது. "தேற்றித் தென்னன் உடலுற்ற" என்ற அரையடி மட்டும் அலகிட்டால் தேமா, தேமா, புளிமாங்காய் என்று வரும். வெண்டளை இங்கே தட்டுகிறது. நோயுற்ற அரசனின் உடம்பைச் சொல்லும் இடம் அது. அதை வைத்துப் பெரிதாக வாதம் கட்ட எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் தட்டுகிறது என்பதைக் குறிப்பிடாமல் போகாதீர்கள்.

பிறகு கடைசி அரையடி: வல்/லவர், நல்/லவர், தா/மே. கூவிளம், கூவிளம், தேமா. "ஆலவா யான்திரு நீறே" இருந்த அதே இடம், அதே அளவு, அதே ஏகார முடிவு. நீறு இருந்த இடத்தில் இப்போது பாட வல்லவர்கள் இருக்கிறார்கள். வல்லவர், நல்லவர் என்று இரண்டு சீருக்குள்ளேயே எதுகையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

திருப்பி எழுதும்போது முதல் வரியிலேயே அந்த "மோனை இல்லை"யை அடித்துவிடுங்கள். பதினொரு பாடலையும் கையால் எழுதி, நீறு வரும் இடமெல்லாம் ஒரு வட்டம் போடுங்கள். வட்டம் இல்லாத அரையடிகளிலிருந்து கட்டுரையைத் தொடங்கலாம். நான் மேலே சொல்லாத சில அரையடிகளும் அங்கே இருக்கின்றன. எழுதி முடித்ததும் அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.